கேமராவிலிருந்து புதிய படங்களை மட்டும் கணினிக்கு இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தைப்பூசம் முடிந்த வாரம் என் வாட்ஸாப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். செட்டிப்பூசத்தன்று வெள்ளி ரதம், மறுநாள் தண்ணீர்மலைக் காவடிகள், அதற்கு முந்தின பொங்கல், அக்கா மகள் கல்யாணம் என்று எல்லாம் ஒரே கார்டில் கிடக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் பழையதும் புதியதும் கலந்து குவியும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். 2-ஆம் பதிலை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். பின்னால் வருபவை பலவும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

1. அண்ணே, கேமராவ சொருகினா ஒவ்வொரு தடவையும் எல்லாப் படமும் வருது. புதுசு மட்டும் வர்ற மாதிரி செய்ய முடியாதா?

முடியும். வின்டோஸில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, கேமராவின் சின்னத்தில் வலது கிளிக் செய்து ‘இம்போர்ட் பிக்சர்ஸ் அண்ட் வீடியோஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வின்டோஸ் 11-இல் அது கண்ணில் படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே பாருங்கள். முதல் தடவை எல்லாம் வரும். அடுத்த தடவையிலிருந்து முன்பு இறக்கியதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபோட்டோஸ்’ செயலியில் ‘இம்போர்ட் ஆல் நியூ ஐட்டம்ஸ்’ என்றே ஒரு பொத்தான் இருக்கிறது. லினக்ஸில் ஷாட்வெல், டிஜிகேம், ரேபிட் ஃபோட்டோ டவுன்லோடர் மூன்றுமே இதைச் செய்யும். பாதிப் பேருக்கு இந்தப் பதிலே போதும்.

2. எது புதுசு, எது பழசுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியுது?

உண்மையில் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு முடிவு செய்கிறது. உங்களுடையது எந்த விதியில் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், இந்தப் பக்கத்திலுள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

முதல் வகை, நினைவில் வைத்துக்கொள்வது. கல்யாண வாசலில் மொய் எழுதுகிறவர் மாதிரி, வந்த படத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளும். நோட்டில் பேர் இருந்தால் பழசு. அந்தப் படம் இப்போது கணினியில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. 1-இல் சொன்ன வின்டோஸ் இம்போர்ட், டிஜிகேம், ரேபிட் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகை, நோட்டு எதுவும் இல்லாமல் கார்டையும் கணினி ஃபோல்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. கோப்பின் பெயர், அளவு, தேதி மூன்றையும் பார்க்கிறவை உண்டு, பெயரை மட்டும் பார்க்கிறவையும் உண்டு. வின்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி, இரண்டு ஃபோல்டர்களை ஒத்துப்போகச் செய்யும் ஃப்ரீஃபைல்சிங்க் இந்த வகை. மூன்றாவது, கோப்பின் உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடுவது. நிறைய நேரம் பிடிக்கும், ஆனால் ஏமாறாது.

படங்களை அடுக்கி வைக்கவும் திருத்தவும் உதவும் லைட்ரூம் கிளாசிக், மேலே சொன்ன முதல் இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. ‘டோன்ட் இம்போர்ட் சஸ்பெக்டட் டூப்ளிகேட்ஸ்’ என்பதில் டிக் வைத்தால், படத்தின் அசல் பெயர், எடுத்த நேரம், கோப்பின் அளவு மூன்றையும் தன் கேட்டலாகில், அதாவது தன் படப் பட்டியலில், உள்ளதோடு ஒப்பிடும். படத்துக்கு லைட்ரூமுக்குள் நீங்கள் வேறு பெயர் வைத்திருந்தாலும் அசல் பெயர் அதன் நினைவில் இருக்கும்.

3. கேபிள் நல்லதா, கார்டு ரீடர் நல்லதா?

என் ஓட்டு கார்டு ரீடருக்கு. கேபிளில் இணைத்தால் பெரும்பாலான கேமராக்கள் பிடிபி அல்லது எம்டிபி முறையில் பேசும். கணினி அதை ஒரு டிஸ்க்காகப் பார்க்காது, டிரைவ் எழுத்தும் கிடைக்காது; ரோபோகாப்பி போன்றவை அங்கே வேலைக்கு ஆகாது. பாதியில் கேமரா பேட்டரி தீர்ந்து போகிற தொல்லையும் உண்டு. ரீடரில் போட்டால் கார்டு ஒரு சாதாரண பென்டிரைவ் போலத் தெரியும். கொம்தார் பக்கத்துக் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்குள் நல்லதே கிடைக்கும்.

ரீடரில் போடுவதற்கு முன் எஸ்டி கார்டின் ஓரத்திலுள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘லாக்’ பக்கம் தள்ளிவிடுங்கள். அப்புறம் தெரியாமல் டெலிட் அடித்தாலும் ஒன்றும் அழியாது. கேமராவில் திரும்பப் போடும்போது தாழ்ப்பாளைத் திறக்க மறந்தால் கேமரா படம் எடுக்க மறுக்கும், அவ்வளவுதான்.

4. நான் எந்த சாஃப்ட்வேரும் இல்லாம இழுத்துப் போட்டு ‘ஸ்கிப்’ அடிக்கிறேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் ‘ஸ்கிப்’ பெயரை மட்டும்தான் பார்க்கும். அதே பெயரில் வேறு படம் இருந்தால் புதுப்படம் வராமலே போய்விடும், உங்களுக்கும் தெரியாது. அதைவிட ஆபத்தானது ‘ரீப்ளேஸ்’. பழைய படத்தின் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடும்.

வின்டோஸ் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், இரண்டு பக்கத்துக் கோப்புகளும் சின்னப் படங்களோடு எதிரெதிரே நிற்கும். கீழே, தேதியும் அளவும் ஒன்றாக உள்ளவற்றைத் தவிர்க்கச் சொல்லி ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் வையுங்கள். மிஞ்சி நிற்பவைதான் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும் வேறு படங்கள். அவற்றில் இரண்டு பக்கமும் டிக் வைத்தால் இரண்டும் இருக்கும்; புதிதாக வருவதன் பெயரோடு ஓர் எண் சேரும்.

5. ஒரே கேமராதான். எப்படி ரெண்டு படத்துக்கு ஒரே பேர் வருது?

டிஜிட்டல் கேமராக்கள் டிசிஎஃப் என்ற பொது விதிப்படி பெயர் வைக்கின்றன. டிசிஐஎம் என்ற ஃபோல்டர், அதற்குள் 100-லிருந்து 999 வரை எண்ணுள்ள ஃபோல்டர்கள், கோப்புப் பெயரில் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். நான்கு இலக்கத்தில் 9999-க்கு மேல் போக முடியாது. அதன் பிறகு புது ஃபோல்டர் திறந்து 0001-லிருந்து தொடங்கும். தைப்பூசத்தன்று விடாமல் பொத்தானை அழுத்துகிற ஆளுக்கு 9999 ஒன்றும் பெரிய எண் இல்லை.

இன்னொரு காரணம் கேமராவின் செட்டிங். கேனனில் ‘ஃபைல் நம்பரிங்’ என்பது ‘கண்டினியூவஸ்’ ஆகவும், நிக்கானில் ‘ஃபைல் நம்பர் சீக்வென்ஸ்’ என்பது ‘ஆன்’ ஆகவும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கார்டை ஃபார்மட் செய்யும் ஒவ்வொரு முறையும் எண் 0001-க்குத் திரும்பும். 4-இல் சொன்ன ஆபத்து மாதம் ஒரு தரம் வரும். அதேபோல நண்பரின் கார்டை இரவல் வாங்கிப் போட்டால், அதிலுள்ள பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் கேமரா தாவிவிடலாம். அது வெறும் தாவல்தான், படம் எதுவும் தொலையவில்லை.

6. கல்யாணத்துல நானும் தம்பியும் எடுத்தோம். ரெண்டு பேரும் நிக்கான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு.

இறக்கும்போதே பெயரை மாற்றிவிடுங்கள். எடுத்த தேதி, நேரம், யாருடைய கேமரா என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் பழைய எண். பழைய எண்ணை விட்டுவிட வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் ஒரே வினாடியில் ஐந்தாறு படம் எடுப்பீர்கள், நேரம் மட்டும் இருந்தால் அவை மறுபடி மோதும். லைட்ரூம், டிஜிகேம், ரேபிட் மூன்றிலும் இறக்கும் திரையிலேயே இந்த வசதி இருக்கிறது.

அதைவிட எளிது, கேமராவிலேயே பிரித்துவிடுவது. நிக்கான் மெனுவில் ‘ஃபைல் நேமிங்’ இருந்தால் ‘டிஎஸ்சி’ என்ற மூன்றெழுத்துக்குப் பதில் உங்கள் பெயரின் எழுத்துகளை வைக்கலாம். மண்டபத்துக்குப் போகுமுன் இருவர் கேமராக் கடிகாரத்தையும் வினாடி வரை ஒன்றாக வைத்துக்கொண்டால் பிறகு வரிசைப்படுத்துவது சுலபம்.

7. கம்ப்யூட்டர்ல தெரியாம ஒரு ஃபோல்டர அழிச்சிட்டேன். கார்டுல படம் இருக்கு. ஆனா புதுசா ஒண்ணும் இல்லைன்னு வின்டோஸ் சொல்லுது!

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் கார்டைத் திறந்து டிசிஐஎம் ஃபோல்டரிலிருந்து கையாலேயே இழுத்துப் போடுங்கள். வின்டோஸ் பொய் சொல்லவில்லை. 2-இல் சொன்ன மொய் நோட்டைப் பார்த்துப் பேசுகிறது.

நோட்டையே கிழித்துப் போட வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’, அதில் ‘லோக்கல்’, அதில் ‘மைக்ரோசாஃப்ட்’, அதில் ‘ஃபோட்டோ அக்விசிஷன்’. அங்கே ‘பிரீவியஸ்லி அக்வயர்ட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதை நீக்கினால் அடுத்த தடவை கார்டிலுள்ள எல்லாமே புதுசு.

8. எனக்கு அதுக்கு நேரெதிர் பிரச்சனை. கண் மூடின படம், ஆடின படம் எல்லாத்தையும் கழிச்சுப் போட்டேன். அடுத்த தடவ அதெல்லாம் திரும்பி வந்துருச்சு.

நீங்கள் ஒப்பிடும் வகை மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள். கார்டில் இருக்கிறது, கணினியில் இல்லை. ஆகவே அதன் கணக்கில் அது புதுசு. லைட்ரூமிலும் கேட்டலாகிலிருந்து நீக்கிய படம் இப்படித் திரும்பி வரும்.

நினைவு வைக்கும் வகைக்கு மாறினால் இது நிற்கும். மாற விருப்பமில்லை என்றால், கழித்துக்கட்டும் வேலையைக் கார்டை ஃபார்மட் செய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை லைட்ரூமில் ‘ரிஜெக்ட்’ கொடி மட்டும் குத்தி வையுங்கள், அழிக்காதீர்கள்.

9. புது லேப்டாப் வாங்கிட்டேன். முதல் தடவ எல்லாமே வந்து கொட்டுது.

படங்களைக் கொண்டுவந்தீர்கள், நோட்டைக் கொண்டுவரவில்லை. ஒரு தடவை ஒப்பிடும் வகையில் இறக்கிவிட்டு, அந்தக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். லைட்ரூம்காரர்கள் கேட்டலாக் கோப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தால் போதும்.

10. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கிறேன். ஒண்ணு மட்டும்தான் வருது.

ரா என்பது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு, ஜேபெக் என்பது சுருக்கிய படம். இரண்டுக்கும் பெயர் ஒன்று, புள்ளிக்குப் பின்னால் வரும் வால் மட்டும் வேறு. சில மென்பொருள்கள் இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டும். கோப்பு வந்திருக்கும், திரையில் ஒன்றாகத் தெரியும். லைட்ரூமில் ‘ட்ரீட் ஜேபெக் ஃபைல்ஸ் நெக்ஸ்ட் டு ரா ஃபைல்ஸ் ஆஸ் செபரேட் ஃபோட்டோஸ்’ என்ற செட்டிங் இதற்குத்தான். சந்தேகம் வந்தால் செயலியை மூடிவிட்டு ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

11. வீடியோ எங்க போச்சு?

எல்லாக் கேமராவும் வீடியோவை டிசிஐஎம்-இல் வைப்பதில்லை. சோனி கேமராக்கள் பல ‘பிரைவேட்’ என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். டிசிஐஎம்-ஐ மட்டும் நகலெடுத்துவிட்டுக் கார்டை ஃபார்மட் செய்தால் நாதஸ்வரக் கச்சேரி முழுதும் போய்விடும். கார்டு முழுவதையும் நகலெடுப்பதுதான் சரி.

12. ஃப்ரீஃபைல்சிங்க்ல ‘மிர்ரர்’ போட்டா தானா ஒரே மாதிரி ஆயிடும்னு சொன்னாங்களே?

தயவுசெய்து வேண்டாம். மிர்ரர் என்றால் கணினி ஃபோல்டரைக் கார்டு மாதிரியே ஆக்குவது. கார்டை ஃபார்மட் செய்துவிட்டு அடுத்த வாரம் பத்துப் படத்தோடு வந்து மிர்ரர் கொடுத்தால், கணினியிலும் அந்தப் பத்துதான் மிஞ்சும். ரோபோகாப்பியிலும் இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். ‘டூ வே’யும் வேண்டாம், நீங்கள் கணினியில் அழித்ததைப் போய்க் கார்டிலும் அழித்துவிட்டு வரும்.

உங்களுக்குத் தேவை ‘அப்டேட்’. புதியதையும் மாறியதையும் கார்டிலிருந்து கணினிக்குக் கொண்டுவரும், கார்டில் இல்லை என்பதற்காகக் கணினியில் எதையும் அழிக்காது. அப்போதும் 3-இல் சொன்ன தாழ்ப்பாளைப் போட்டு வைப்பது நல்லது.

13. சென்னைக்குப் போனப்ப லேப்டாப்ல இந்திய நேரம் வச்சேன். அப்டேட் கொடுத்தா எல்லாப் படமும் மாறிடுச்சுன்னு திரும்ப இறங்குது. ஒரு படத்தையும் நான் தொடவே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் வழக்கமாக எஃப்ஏடி32 என்ற கோப்புப் பதிவு முறையில் இருக்கும். அதில் கோப்பின் நேரம் சுவர்க் கடிகாரம் காட்டுகிறபடியே, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு இல்லாமல் பதிவாகும். வின்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க் உலகப் பொது நேரத்தில் பதிந்துகொண்டு, காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். மலேசியா பொது நேரத்துக்கு 8 மணி முன்னால், இந்தியா ஐந்தரை மணி முன்னால். நீங்கள் லேப்டாப் நேரத்தை மாற்றியதும் டிஸ்க்கிலுள்ள படங்களெல்லாம் இரண்டரை மணி பின்னால் போயின, கார்டிலுள்ளவை அங்கேயே நின்றன. ஒப்பிட்ட மென்பொருளுக்கு எல்லாமே மாறிய மாதிரி தெரிந்தது.

லேப்டாப்பை ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ நேரத்துக்கே திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். அல்லது ஃப்ரீஃபைல்சிங்க்கின் ஒப்பிடும் செட்டிங்கில் ‘இக்னோர் டைம் ஷிஃப்ட்’ என்ற இடத்தில் 2:30 என்று கொடுங்கள். ஊர் மாறாமலே சில படங்கள் இப்படிச் சண்டித்தனம் செய்தால் காரணம் வேறு. எஃப்ஏடி32 நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒரு தரம்தான் குறிக்கும். அந்த இரண்டு வினாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வசதி ரோபோகாப்பியில் இருக்கிறது.

14. கேமராவ ரொம்ப நாள் சும்மா வச்சிருந்தேன். இப்ப எடுத்த படம் எதுவுமே இறங்கல.

இறங்கியிருக்கும், வேறு வருடத்து ஃபோல்டரில். உள் பேட்டரி தீர்ந்தால் கேமராக் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதிவாரியாக ஃபோல்டர் போடும் மென்பொருள் அதை நம்பி வைத்துவிடும். கோப்பின் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள், கிடைக்கும். தேதியை லைட்ரூமிலோ எக்ஸிஃப்டூலிலோ மொத்தமாகத் தள்ளி வைக்கலாம். கணினியில் உள்ள நகலில் செய்யுங்கள், கார்டில் வேண்டாம்.

15. ஃபோனுக்கு வைஃபையில வந்துருச்சே. அப்புறம் எதுக்குக் கார்ட இறக்கணும்?

ஃபோனில் வந்தது பல நேரம் சுருக்கிய படம். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சல்தான். வாட்ஸாப்புக்குப் போதும், கல்யாண ஆல்பத்துக்குப் போதாது. ஃபோன் படங்களையும் கேமராப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கலக்காதீர்கள், 4-இல் சொன்ன ‘ஸ்கிப்’ சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடக்கூடும்.

16. ஏன் தம்பி இவ்வளவு சுத்தணும்? ஒவ்வொரு தடவையும் கார்ட காலி பண்ணிட்டா எல்லாமே புதுசுதானே?

ஆமாம் அங்கிள், நீங்கள் சொல்வதுதான் சரி. தொழிலாகப் படம் எடுப்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கார்டில் பழையதைச் சேர்த்து வைப்பதே பெரும்பாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேமராவிலேயே காட்டத்தான். அந்த ஆசை இல்லாதவர்கள் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, கோப்புகளின் எண்ணிக்கை கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சில படங்களை முழுதாகத் திறந்து பார்த்துவிட்டு ஃபார்மட் செய்யலாம்.

ஃபார்மட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள். கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். மேக்கில் கார்டிலுள்ள படத்தை அழித்தால், அது கார்டுக்குள்ளேயே மறைவான குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ‘எல்லாம் அழிச்சும் கார்டு நிறைஞ்சிருக்கு’ என்று கேட்கிறவர்கள் அந்தத் தொட்டியைக் காலி செய்யாதவர்கள்.

17. ஏற்கெனவே ஒவ்வொண்ணும் மூணு மூணா கிடக்கு. எப்படிச் சுத்தம் பண்றது?

டூப்குரு, ச்கவ்கா இரண்டும் இலவசம். உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையில், அதாவது 2-இல் சொன்ன மூன்றாவது வகையில் ஓட்டுங்கள். பெயர் என்னவாக இருந்தாலும் ஒரே கோப்பு என்றால் பிடித்துவிடும். திருப்பி சேமித்தது, வாட்ஸாப்பில் வந்தது, வெட்டியது எல்லாம் உள்ளடக்கம் மாறியவை, அவற்றை விட்டுவிடும். ஒரே மாதிரித் தோற்றத்தைத் தேடும் முறையும் உண்டு. அதை நம்பி மொத்தமாக அழித்தால் அடுத்தடுத்து எடுத்த காவடிப் படங்களில் நல்லது போய் மோசமானது நிற்கும். எதைச் செய்வதானாலும் வேறு டிஸ்க்கில் முழு நகல் ஒன்று வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

18. ஃபார்மட் பண்ணின பிறகுதான் பாதி இறங்கலன்னு தெரிஞ்சது. அந்தப் பாதிய மட்டும் மீட்க முடியுமா?

அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் என்றால் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்; புதியவை மேலே எழுதப்படும்போதுதான் நிஜமாக அழியும். கார்டை எடுத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓட்டுங்கள். மீட்பவற்றைக் கணினி டிஸ்க்கில் சேமிக்க வேண்டும், கார்டிலேயே அல்ல.

அது இறங்கியது, இறங்காதது என்று பார்க்காமல் கிடைத்ததையெல்லாம் மீட்கும். பழைய பெயர் எதுவும் இருக்காது, அதுவாக வைத்த எண்தான் இருக்கும். ஆகவே நோட்டும் உதவாது, பெயர் ஒப்பிடுவதும் உதவாது. 17-இல் சொன்ன கருவியில் மீட்ட ஃபோல்டரையும் உங்கள் படச் சேமிப்பையும் சேர்த்துக் கொடுத்து, உள்ளடக்கம் ஒன்றாக உள்ளவற்றை மீட்ட ஃபோல்டரிலிருந்து மட்டும் நீக்குங்கள். மிஞ்சுபவற்றில்தான் நீங்கள் தேடுகிறவை இருக்கும். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால், அதை வைத்து 6-இல் சொன்னபடி, பழைய எண்ணின் இடத்தில் மீட்டபோது வந்த எண்ணைப் போட்டு, பெயர் கொடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிடலாம்.